ஆன்லைனில் வாங்கி ஏமாந்தால் யாரைக் கேட்பது? அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

நுகர்வோர் புகார் எழுதிக் கொடுப்பது என் தொழில் அல்ல, பழகிப்போன வேலை. அக்கம்பக்கத்தார், சொந்தக்காரர்கள், அவர்கள் அனுப்பிவைக்கும் முன்பின் தெரியாதவர்கள் என்று வாரத்துக்கு ஒருவராவது ஃபோனை நீட்டி, “இதைக் கொஞ்சம் பாருங்க சார்” என்பார்கள். பணம் போன வேகத்தில் பதற்றமும் வரும், “இதெல்லாம் நடக்கிற காரியமா” என்ற சலிப்பும் வரும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாமே இந்தியச் சட்டத்தை வைத்துத்தான். லட்சக்கணக்கில் விவகாரம் என்றால் வக்கீலைப் பாருங்கள்.

ஆன்லைனில் வாங்குபவருக்கும் கடையில் வாங்குபவருக்கும் ஒரே சட்டம்தானா?

ஆமாம், கூடுதலாகச் சில விதிகளும் உண்டு. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, இணையத்தில் வாங்குபவரையும் ‘நுகர்வோர்’ என்றே சொல்கிறது. அது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் 23-ஆம் தேதி மின்வணிக விதிகளும் வந்தன. மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ வாங்கியவர் மட்டும் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சொந்தப் பிழைப்புக்காகத் தையல் மெஷின் வாங்கியவர் நுகர்வோர்தான். இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை.

“நாங்கள் வெறும் தளம், விற்றது வேறொருவர்” என்கிறார்கள். அப்படியானால் அவர்களுக்குப் பொறுப்பே இல்லையா?

என்னிடம் வரும் பத்துப் பேரில் ஆறு பேர் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். பொய் என்று தள்ளிவிடவும் முடியாது, முழு உண்மை என்று நம்பிவிடவும் கூடாது.

இதன் வேர் 2004-இல் இருக்கிறது. பாஸி டாட் காம் என்ற ஏலத் தளத்தில் யாரோ ஒருவர் ஓர் ஆபாச வீடியோவை விற்பனைக்குப் போட்டுவிட்டார். தளத்தின் தலைமை அதிகாரி அவ்னிஷ் பஜாஜ் அந்த டிசம்பரில் கைது செய்யப்பட்டார். கடைத்தெருவில் ஒருவன் திருட்டுச் சாமான் விற்றால், தெருவுக்குச் சொந்தக்காரரை உள்ளே போடுவதா என்ற வாதம் அப்போது பெரிதாகக் கிளம்பியது. பிறகு 2008-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் 79-ஆவது பிரிவு, இடைநிலையாளராக மட்டும் இருப்பவருக்கு, உரிய கவனத்தோடு நடந்துகொண்டால், பாதுகாப்புத் தருகிறது. கஸ்டமர் கேரில் பேசுபவர் மேற்கோள் காட்டுவது இதைத்தான், பெயர் தெரியாமலே.

அந்தக் குடைக்குள் எல்லாம் அடங்கிவிடாது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பிரஷர் குக்கரை நாட்டில் விற்கக் கூடாது என்ற ஆணை 2021 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறது. அதற்குப் பிறகும் அமேசான் தளத்தில் அப்படிப்பட்ட 2,265 குக்கர்கள் விற்றிருந்தன. கட்டணமாக அந்த நிறுவனத்துக்கு வந்தது 6 லட்சத்துச் சொச்சம். “நாங்கள் தளம் மட்டுமே” என்ற வாதத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏற்கவில்லை. ஒவ்வொரு விற்பனையிலும் காசு பார்த்தவர், பிரச்சினை என்றதும் கையைக் கழுவ முடியாது என்பதே அதன் நிலை. 2022 ஆகஸ்டில் 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்கெல்லாம் தகவல் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. அமேசான் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதே மாதம் ஃபிளிப்கார்ட்டுக்கும் 598 குக்கர்களுக்காக 1 லட்சம் அபராதம்.

லட்சம் ரூபாய் அபராதம் அந்த அளவு நிறுவனங்களுக்குத் தூசு என்று நீங்கள் நினைத்தால், எனக்கும் அதே நினைப்புதான். ஆனாலும் புகார் எழுதும்போது இந்த நிலைப்பாடு கை கொடுக்கும். தளம், விற்பனையாளர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். விற்றவரின் பெயரையும் முகவரியையும் தளம் காட்டியே ஆக வேண்டும். வாங்கியவர் எழுத்தில் கேட்டால் தலைமை அலுவலக முகவரி வரை தர வேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன.

படத்தில் ஒன்று, பார்சலில் ஒன்று. “நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்” என்று போட்டிருந்தார்கள். அவ்வளவுதானா?

இல்லை. பொருள் பழுதாக இருந்தாலும், போலியாக இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலும், சொன்ன தேதி தாண்டி வந்தாலும் விற்பனையாளர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. (வெள்ளம், புயல் போன்ற காரணத்தால் தாமதமானால் விலக்கு.) “நோ ரிட்டர்ன்” என்ற பலகை, நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்கிறவர்களிடம்தான் செல்லும்.

என் அத்தை மகள் இன்ஸ்டாவில் ஒரு பக்கத்தில், “அசல் காஞ்சிபுரம் பட்டு, ஆடித் தள்ளுபடி, 2,800 மட்டும்” என்று பார்த்துப் புடவை வாங்கினாள். அந்த விலைக்கு அசல் காஞ்சிபுரம் வராது என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் வாங்கியதற்கு அவள் சொன்ன காரணம், “அவ்ளோ அழகா மடிச்சு வச்சிருந்தாங்க”. வந்ததைக் கையில் எடுத்ததுமே வழுவழுப்பு சரியில்லை. முந்தானை ஓரத்தில் தொங்கிய ஒரு நூலைப் பிய்த்து நெருப்பில் காட்டினோம். அசல் பட்டு முடி பொசுங்கின வாடை அடிக்கும், கசக்கினால் பொடியாகும். இது உருகிக் கறுப்பு மணி மாதிரி உருண்டு நின்றது. கேட்டதற்கு, “லைட்டிங்ல அப்படித் தெரிஞ்சிருக்கும் மேடம், ரிட்டர்ன் கிடையாது” என்று ஒரு வரி. அடுத்த நிமிடம் பிளாக்.

அவளிடம் இருந்தவை மூன்று: ‘பியூர் சில்க்’ என்று எழுதிய பதிவின் ஸ்கிரீன்ஷாட், சாட், ஜிபே ரசீது. அந்த ரசீதில் கடைப் பெயர் இல்லை, பணம் வாங்கிய ஆளின் பெயர் இருந்தது. பார்சல் உறையில் அனுப்புநர் முகவரி இருந்தது. இரண்டையும் வைத்து ஒரு பக்க நோட்டீஸ் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். 15 நாளில் பணம் வராவிட்டால், நுகர்வோர் வழக்குகளை விசாரிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம் என்று மட்டும். எழுத்தில் போலீஸ், ஜெயில் என்றெல்லாம் மிரட்டவில்லை. 11-ஆம் நாள் 2,800 வந்தது, கொரியர் காசு வரவில்லை. அதை விட்டுவிட்டாள்.

காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரை வேறு துணியில் ஒட்டி விற்பது அந்தச் சட்டப்படியும் குற்றம். புடவையில் அசல் பட்டுக்குத் தரும் ‘சில்க் மார்க்’ சீட்டு இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றுகிறார்கள் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்காவிட்டால் புகார் செல்லாதா?

செல்லும். எந்தச் சட்டமும் அதைக் கட்டாயம் ஆக்கவில்லை. ஆனால் செல்ஃபோன் பெட்டியில் சோப்புக்கட்டி வந்தது என்று நிரூபிக்க வேறு வழி குறைவு. சீல் உடையாத பெட்டி, ஒட்டிய லேபிள், பிரிக்கும் கை, உள்ளே இருக்கும் பொருள் எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் இருக்கட்டும். விலை கூடிய பொருளுக்கு ‘ஓப்பன் பாக்ஸ் டெலிவரி’ இருந்தால் அதையே எடுங்கள். பிரித்துப் பார்த்த பிறகுதான் ஓடிபி.

ஆர்டரை கேன்சல் செய்தால் காசு பிடிக்கலாமா? ரீஃபண்டை கூப்பனாகத் தருகிறார்களே?

நீங்கள் கேன்சல் செய்தால் கட்டணம் பிடிக்கிற நிறுவனம், தான் கேன்சல் செய்தாலும் அதே மாதிரி உங்களுக்குத் தர வேண்டும். ஒருபக்கமாகப் பிடிக்கக் கூடாது. கூப்பன் விஷயத்தில், 2024 அக்டோபரில் ஓலா நிறுவனத்துக்கு மத்திய ஆணையம் போட்ட உத்தரவைச் சொல்லலாம்: வங்கிக் கணக்கிலா கூப்பனிலா என்று பயணிதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

“இன்னும் 2 மட்டுமே மிச்சம்!” “47 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!” இதெல்லாம் உண்மையா?

சில சமயம் உண்மை. பொய்யாக இருந்தால் அதற்குச் சட்டத்தில் ‘போலி அவசரம்’ என்று ஒரு பெயரே உண்டு. ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்டது. அதில் 13 வகைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இவற்றை ‘டார்க் பேட்டர்ன்’ என்பார்கள். நம் ஊர்ச் சந்தையில் தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டுவதும் இதே வகைதான்.

சிலவற்றை நீங்களே பார்த்திருப்பீர்கள். கேட்காமலேயே ஒரு நன்கொடையோ பயணக் காப்பீடோ கூடையில் ஏறி உட்கார்ந்திருக்கும். காப்பீடு வேண்டாம் என்றால், “சரி, நான் பாதுகாப்பில்லாமலே பயணம் செய்கிறேன்” என்ற பட்டனை அமுக்கச் சொல்வார்கள். கூச்சப்பட வைத்துக் காசு பிடுங்குவது அது. 399 என்று காட்டி, கடைசிப் பக்கத்தில் ஹேண்ட்லிங், பிளாட்ஃபார்ம், மழைக் கட்டணம் என்று சொட்டுச் சொட்டாக 468 ஆக்குவது இன்னொன்று. சந்தா சேர ஒரு தட்டு, விலக ஏழு பக்கம், நடுவில் “உண்மையிலேயே போகிறீர்களா?” என்று ஒரு அழுமூஞ்சிப் படம்.

2025 ஜூனில், உங்கள் தளத்தை நீங்களே மூன்று மாதத்தில் தணிக்கை செய்யுங்கள் என்று ஆணையம் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. திருடனையே பூட்டைச் சரிபார்க்கச் சொன்ன கதை என்று அன்றைக்கே தோன்றியது. ஆனால் நெறிமுறை எழுத்தில் இருப்பதால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லும்போது “கட்டணத்தை மறைத்தார்கள்” என்று பொதுவாகச் சொல்லாமல் அந்த நெறிகளையே சுட்டிக் கேட்க முடிகிறது. பணம் கட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டும்.

சந்தா விஷயத்தில் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. கார்டில் தானாகச் சந்தாத் தொகையைப் பிடிக்கும் முன், 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸைத்தான் நாம் படிக்காமல் தள்ளிவிடுகிறோம்.

பழைய கட்டிலை விற்கப் போட்டேன். வாங்குபவர் கியூஆர் கோடு அனுப்பினார். ஸ்கேன் செய்ததும் 9,000 போய்விட்டது.

இந்தக் கதையை நான் கட்டில், பீரோ, சைக்கிள், லேப்டாப் என்று எல்லாப் பொருளிலும் கேட்டுவிட்டேன். எதிர்முனையில் இருப்பவர் பெரும்பாலும் தன்னை ராணுவத்தில் வேலை என்று சொல்லிக்கொள்வார், விலையும் பேரம் பேசமாட்டார். ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: பணம் *வாங்க* பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. பின் கேட்கிறது என்றால் பணம் போகிறது.

போனது தெரிந்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள். அது தேசிய சைபர் நிதி மோசடி எண். வங்கிகளோடு இணைந்த ஏற்பாடு. பணம் கணக்கிலிருந்து கணக்குக்குத் தாவி ஏடிஎம்மில் வெளியேறும் முன் அதை நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு மதிப்பு. ஸ்டேஷனுக்குப் போவதா, மாமாவைக் கேட்பதா என்று யோசிப்பதெல்லாம் இந்த அழைப்புக்கு அப்புறம். கையில் இருக்க வேண்டியது: பரிமாற்ற எண், நேரம், தொகை, போன கணக்கு அல்லது யுபிஐ முகவரி. அடுத்து உங்கள் வங்கிக்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழு விவரமும் பதியுங்கள்.

வங்கி அந்தப் பணத்தைத் தருமா?

தப்பு யாருடையது என்பதைப் பொறுத்தது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைதான் இதற்கு அடிப்படை. உங்கள் மீதோ வங்கி மீதோ தவறில்லாமல் வேறு எங்கோ ஓட்டை விழுந்து பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு ஒரு ரூபாய் இழப்பும் கிடையாது. நான்கு முதல் ஏழு நாள் என்றால் இழப்புக்கு உச்சவரம்பு உண்டு, சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய். வங்கியே தவறு செய்திருந்தால் நாள் கணக்கே இல்லை. வாடிக்கையாளர்தான் தவறினார் என்று நிரூபிக்கும் சுமை வங்கியின் தலையில்.

ஓடிபியையோ பின்னையோ நீங்களே கொடுத்திருந்தால், புகார் சொல்லும் வரை போனது உங்கள் கணக்கில். சொன்ன பிறகு போனால் வங்கியின் கணக்கில். ஆகவே புகார் சொன்ன நேரம்தான் எல்லாமே. வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ பதில் திருப்தியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பு அதிகாரி) எழுதலாம், கட்டணம் இல்லை.

கடையில் யுபிஐ ‘ஃபெயில்’ ஆனது, பணம் மட்டும் போய்விட்டது.

கடைக்குக் கட்டிய பணம் ஐந்து நாளுக்குள் தானே திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு, நீங்கள் கேட்காமலே. 2019-இல் வந்த விதி. கேட்டுத்தான் வாங்கியிருக்கிறேன்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் வக்கீல், பீஸ், அலைச்சல் என்று ஆகாதா? “பெங்களூரு நீதிமன்றம் மட்டுமே” என்றும் போட்டிருக்கிறார்களே?

அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டத்தின் 34-ஆவது பிரிவு சொல்கிறது. தேனியில் இருப்பவர் தேனியிலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநிலம், அதையும் தாண்டினால் டெல்லியில் இருக்கும் தேசிய ஆணையம். நீங்கள் கட்டிய விலைதான் கணக்கு, கேட்கும் நஷ்டஈடு அல்ல. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

அதற்கு முன்னால் இரண்டு படி. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மெயில். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டியது அவர் கடமை. சாட்டில் வரும் ரோபோவிடம் பேசியதை இதில் சேர்க்காதீர்கள். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். சின்னத் தொகைகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வழக்கு மூன்று மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முடியாது. வாய்தா வாங்குவார்கள். 600 ரூபாய் ஹெட்ஃபோனுக்கு அத்தனை நாள் நடப்பதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மோசம் என்று விமர்சனம் எழுதினேன். “அவதூறு வழக்குப் போடுவோம்” என்கிறார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இணையத்தில் எழுதியதற்காக ஆட்களைக் கைதுசெய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. அவதூறுச் சட்டம் இன்னும் உண்டு. பொதுநலனுக்காகச் சொல்லும் உண்மைக்கு அதில் விலக்கும் உண்டு. “ஜூன் 3 ஆர்டர் செய்தேன், கிழிந்து வந்தது, ரீஃபண்ட் இல்லை” என்பது உண்மை. “இவன் பரம்பரைத் திருடன்” என்பது வம்பு.

பார்சலுக்குள் ஒரு சீட்டு: “5 ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 100 ரூபாய்.” போடலாமா?

வேண்டாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் இணைய விமர்சனங்களுக்கென்று ஒரு தரம் கொண்டுவந்தது. காசுக்கு வாங்கிய விமர்சனத்தை அது ஏற்பதில்லை, ஆனால் கட்டாயமும் ஆக்கவில்லை. விற்பவரே வாடிக்கையாளர் வேஷத்தில் எழுதுவதை மட்டும் 2020 விதிகள் தடை செய்திருக்கின்றன. யூடியூபில், இன்ஸ்டாவில் காசு வாங்கிப் புகழ்கிறவர் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம்.

வீட்டில் பருப்புப்பொடி, ஊறுகாய் செய்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். எனக்கும் சட்டமா?

உங்களுக்கும்தான் அக்கா. உணவு என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பு) பதிவு முதல் வேலை. சிறிய அளவுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். பாக்கெட்டில் என்னென்ன சேர்த்திருக்கிறது, எடை, தயாரித்த தேதி, விலை, உங்கள் முகவரி, சைவம் என்றால் பச்சைப் புள்ளி. நிலக்கடலை சேர்த்திருந்தால் கண்டிப்பாக எழுதுங்கள், ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிர் விஷயம். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பெரிய தளங்கள் வழியாக விற்றாலும், மாநிலத்துக்குள் மட்டும் என்றால், 2023 அக்டோபர் முதல் சிறு விற்பனையாளருக்கு அந்தச் சலுகை உண்டு. வெளி மாநிலத்துக்கும் அனுப்புவதாக இருந்தால் ஆடிட்டரைக் கேளுங்கள்.

இன்னொன்று. வேறொருவர் எடுத்த ஊறுகாய் ஜாடிப் படத்தை எடுத்துப் போடாதீர்கள். அது பதிப்புரிமை மீறல். அதைவிட, உங்கள் ஊறுகாய் அந்த நிறத்தில் இருக்காது.

எங்கே போனாலும் மொபைல் நம்பர் கேட்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?

கடையில் பில் போட நம்பர் கட்டாயமில்லை என்று நுகர்வோர் துறை 2023-இலேயே சொல்லிவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. விதிகள் வர 2025 நவம்பர் ஆனது, நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதற்கு மேல் 18 மாத அவகாசமும் கொடுத்தார்கள். எதற்காகத் தரவு வாங்குகிறோம் என்று சொல்வது, கேட்டால் அழிப்பது, 18 வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோர் சம்மதம் வாங்குவது எல்லாம் அதில் உண்டு.

பையன் என் ஃபோனில் கேமுக்கு 6,000 கட்டிவிட்டான்.

மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது, 1903 முதல் இதுதான் சட்டம். ஆப் ஸ்டோரில் உடனே ரீஃபண்ட் கேளுங்கள். பின் நம்பர் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர்கள் கேட்பார்கள், அதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு ஒருநாள் கட்டிவிட்டு, டேக் கிழியாமல் புடவையை ரிட்டர்ன் செய்கிறார்கள். அது சட்டப்படி தப்பா?

வியர்வை பட்ட புடவையைப் ‘பயன்படுத்தவில்லை’ என்று திருப்பினால் அது பொய் சொல்லிப் பணம் வாங்குவதுதான். பிடிபட்டால் தளம் கணக்கை முடக்கும். யாரும் வழக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் புடவை பெரும்பாலும் ஈரோட்டிலோ சூரத்திலோ இருக்கும் ஒரு சின்ன வியாபாரிக்குத்தான் போய்ச் சேரும், போக வரக் கொரியர் செலவும் அவர் தலையில். மேலே எழுதிய உரிமைகளை இவர்களுக்காகவும் சேர்த்து நான் எழுதவில்லை.

தப்பான பொருள் வந்தது. டெலிவரி தம்பியிடம் சத்தம் போட்டேன். அவர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்.

அவரால் முடியாது. ஆப்பில் ரிட்டர்ன் பதிவாகாமல் பொருளை வாங்கினால் அது அவர் கணக்கில் விழும். பல இடங்களில் அவர் ஊழியர்கூட இல்லை, ‘பார்ட்னர்’. அவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 2023-இல் தனி நலவாரியம் அமைத்தார்கள். சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வந்து, நிறுவனங்கள் விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் அவர்கள் நலனுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. உங்கள் மூன்றாவது மாடிக்கு அவர் ஏறிவந்தது அந்த ஒதுக்கீடு கைக்கு வரும் முன்புதான்.

ஆப்பில் ரிட்டர்ன் போடுங்கள். எடுக்க வருபவர் முன்னால் பொருளை ஃபோட்டோ எடுங்கள். அவர் ஃபோனில் ‘பிக்கப் முடிந்தது’ என்று வந்து, உங்கள் எஸ்எம்எஸ்ஸிலும் வந்த பிறகு கதவைச் சாத்துங்கள்.